கறி எடைக்கு எழுதிய எட்டு உருப்படிகள்

போன மாதம் கால்நடைக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். கையில் நான்கு பக்கப் படிவம். எருமைக்கடா வளர்க்கிறவர்கள் எந்த விலை முறையில் விற்கிறார்கள், அதை எதனால் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். படிப்பு, நிலத்தின் அளவு, ஆலைக்கு உள்ள தூரம், எத்தனை உருப்படி என்று ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தது. கடைசியில் "இதர காரணங்கள்" என்று ஒரே ஒரு கோடு. "இந்த ஒத்தக் கோட்டுல என்னாம்மா எழுதறது?" என்று கேட்டேன். "சுருக்கமா சொல்லுங்க தாத்தா" என்றாள். தாத்தாவாம்! எரிச்சலை அடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை இங்கே எழுதுகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

ஓசூர்ப் பக்கத்தில் எருமைக் கறி ஆலை ஒன்றில் கொள்முதல் வாசலில் நின்றவன் நான். சேர்ந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை, ஓய்வு பெற்றபோது தாடி முழுக்க வெள்ளை. தொட்டி கழுவினேன், லாரி இறக்கினேன், தராசு பிடித்தேன், பிறகு சீட்டு எழுதும் வேலைக்கு வந்தேன். முதல் பத்து வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. என்னை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

எங்கள் வாசலில் விற்க வருகிறவருக்கு மூன்று வழி உண்டு. முதலாவது உருப்படி விலை. கண்ணால் பார்த்து, முதுகையும் தொடையையும் தடவி, ஒரு கடாவுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது. இதற்கு வெள்ளைச் சீட்டு. கயிறு எங்கள் கைக்கு வந்த நிமிடமே மாடு எங்களுடையது. இரண்டாவது உயிர் எடை. மேடைத் தராசில் ஏற்றி, நிற்கிற எடைக்கு விலை. பச்சைச் சீட்டு. தராசை விட்டு இறங்கியதும் எங்களுடையது. மூன்றாவது கறி எடை. அறுத்து, தோலுரித்து, குடல் நீக்கி, கொக்கியில் தொங்கும்போது நிறுத்து அந்த எடைக்கு விலை. சிவப்புச் சீட்டு. அதில் மட்டும், கொக்கித் தராசில் எடை விழுகிற வரைக்கும் மாடு விற்கிறவருடையது. நோய் என்று ஆலையின் மாட்டு டாக்டர் கழித்துவிட்டால் நஷ்டமும் விற்கிறவருடையதே.

யார் எதில் போவார்கள் என்று லாரி வளைந்து உள்ளே வரும்போதே நான் சொல்லிவிடுவேன். ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உயிர் எடை என்றாலே முகம் சுளிப்பார்கள். வழியெல்லாம் சாணியும் மூத்திரமுமாகப் போய் எடை இறங்கியிருக்கும். நன்றாகத் தீனி போட்டவன் கறி எடையில் தைரியமாக நிற்பான். தராசையே நம்பாதவன், அவசரத்தில் இருப்பவன், ஒன்றிரண்டு மட்டும் ஓட்டி வந்தவன், இவர்களெல்லாம் உருப்படிதான். உயிர் எடைக்கென்றே தயாராகி வருகிற கில்லாடிகளும் உண்டு. ஒருவர் கடாவுக்கெல்லாம் உப்பை நக்க விட்டு, வயிறு முட்டத் தண்ணீர் காட்டி ஏற்றி வந்தார். ஒவ்வொன்றும் நிறைமாத வயிறோடு ஆடி ஆடி இறங்கியது. எங்கள் மேலாளர் சுந்தரமூர்த்தி சார் ஒரு வார்த்தை பேசவில்லை. "வாங்க, டீ சாப்பிடலாம்" என்று அவரைக் கேன்டீனுக்கு அழைத்துப்போனார். டீ, வடை, மறுபடி டீ, மழை, தக்காளி விலை, மறுபடி டீ. திரும்பி வந்தபோது கொட்டகைத் தரை முழுக்க ஈரம், கடாவெல்லாம் ஒட்டிப்போன வயிறோடு நின்றன. "இப்ப நிறுக்கலாங்களா?" என்று சார் கேட்டார். நான் தூணுக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன்.

சார் சேலத்துக்காரர். எதையும் நின்று நிதானமாகத்தான் செய்வார். காலையில் வந்ததும் இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துப் பார்ப்பார். முள் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் அன்றைக்குத் தராசு பூட்டு. விற்க வருகிறவர் மாதாமாதம் வருகிற ஆளாக இருந்தாலும் மூன்று வழியையும் முதலிலிருந்து சொல்வார். தமிழில் சொல்வார், தெலுங்கில் சொல்வார், தப்பும் தவறுமான கன்னடத்தில் சொல்வார். சொல்லி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். தன் கண் கூட அவர்கள் முடிவில் பட்டுவிடக் கூடாதாம். என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்: "பாய், மூணையும் சொல்லு. எது நல்லதுன்னு மட்டும் சொல்லாத. வாயத் தெறந்து அவங்க சொல்ற வரைக்கும் எந்தச் சீட்டையும் தொடாத."

நான் தொட்டேன்.

பேரிகைப் பக்கத்தில் திம்மராயப்பா என்று ஒரு விவசாயி இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். ஓசூரைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் பெருகப் பெருகப் பால் பண்ணைகளும் பெருகின. பண்ணைக்காரனுக்குப் பால் கொடுக்கிற எருமை வேண்டும், அது போடுகிற கடாக்கன்று வேண்டாம். கன்று குடிக்கிற பாலும் காசு. அதனால் தாயிடம் விடாமல் ஒரு மூலையில் கட்டிப்போட்டால் நாலைந்து நாளில் தானாகவே செத்துவிடும். யாரும் கையால் கொல்வதில்லை. எல்லாப் பண்ணையிலும் அதுதான் வழக்கம்.

மஞ்சு என்கிற பால்காரன் அந்தக் கன்றுகளைச் சாக்கில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, மொபெட்டில் வைத்துத் திம்மராயப்பாவிடம் கொண்டுவந்து கொடுப்பான். அவர் ராகிக் கஞ்சியை ஆற்றி, விரலைக் கஞ்சியில் விட்டுச் சப்ப வைத்துக் குடிக்கப் பழக்குவார். பத்தில் ஆறு ஏழு தேறும். அப்புறம் சோளத்தட்டு, பீர் கம்பெனிச் சக்கை, விலை போகாத தக்காளி என்று கிடைப்பதையெல்லாம் போட்டு ஒன்றரை வருடம் வளர்ப்பார். கொட்டகையில் ஒரு குச்சி கிடையாது. நாக்கைச் சொடுக்கினால் வரிசையாக நடந்து வரும். தண்ணீர் காட்டி ஏமாற்றுகிற வேலையும் அவரிடம் கிடையாது. தொடையில் கை வைத்தால் கல் மாதிரி இருக்கும்.

அப்படிப்பட்ட கடாக்களை அவர் எப்போதும் உருப்படி விலைக்குத்தான், அதுவும் பேரம் பேசாமல், கொடுப்பார். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். கறி எடையில் போட்டால் அந்த ஆலையிலேயே அவருக்குத்தான் அதிகம் கிடைக்கும். எலும்பும் தோலுமாக ஓட்டி வருகிறவனும் அவரும் ஒரே வெள்ளைச் சீட்டில் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள், சார் அந்தப் பக்கம் போயிருந்தபோது, கேட்டே விட்டேன்.

"திம்மராயண்ணா, கறி எடைல போடுங்களேன். கைக்கு வர்றத ஏன் விட்டுட்டுப் போறீங்க?"

"வேணாம் பாய். எனக்கு இதே போதும்."

"ஏன் வேணாம்? காரணம் சொல்லுங்க."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். "கயிறு உன் கைக்கு வந்துட்டா அது உன்னுது. நான் உசுரோட வித்தன், உசுரோட குடுத்தன். அப்புறம் நீ என்னா பண்ணா என்னா, நான் கேக்க மாட்டன். செவப்புச் சீட்டுல அப்பிடி இல்லியே? அறுக்கறப்போ அது என்னுதுதான?"

"காயிதத்துல யாருதா இருந்தா என்னாண்ணா? அறுக்கறது அறுக்கறதுதான?"

"உனக்கு அது காயிதம்" என்றார். 

கிராமத்து ஆள், ஏதோ ஒரு பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். இதை நினைக்கும்போது இன்றைக்கும் என் முகத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பக்ரீத்துக்குக் குர்பானி கொடுக்கிறவன் நான். அறுக்கிற நேரத்தில் ஆடு என்னுடையதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குர்பானி செல்லாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டவன். கத்தி இறங்கும்போது அந்த உயிர் யார் கணக்கில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வாசலில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமென்றால் அது எனக்குத்தான். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு காலையில் திம்மராயப்பா எட்டுக் கடாக்களோடு வந்தார். சார் கிருஷ்ணகிரியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வாசலில் நான்தான். மூன்று வழியையும் கடகடவென்று ஒப்பித்தேன். "எப்பவும் போலத்தான் பாய்" என்று சொல்லிவிட்டு அவர் கடாக்களின் நெற்றியைத் தடவப் போய்விட்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் கை வெள்ளைச் சீட்டுக் கட்டின் மேல்தான் முதலில் போனது. அங்கிருந்து நகர்ந்து சிவப்புச் சீட்டைக் கிழித்தது. பணம் வாங்க வரும்போது சொல்லிக்கொள்ளலாம், மனுஷன் வாயைப் பிளக்கட்டும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அவர் கடாக்களையே பார்த்துக்கொண்டு, சீட்டைப் பார்க்காமலே, நான் காட்டிய இடத்தில் ரேகை வைத்தார். ஒவ்வொரு கயிறாக என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எப்போதும் போலவே, திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போனார். கறி எடைக்கு விற்கிறவர் கொக்கித் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அல்லது யாரையாவது நிறுத்த வேண்டும். சீட்டில் அதற்கான இடத்தில் நானே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். முதல் ஐந்தும் ஜோராக இருந்தன, எடை நான் நினைத்ததற்கும் மேலே. மீதி மூன்றிலும் தோலை உரித்ததும் கொழுப்பு, சவ்வு, எல்லாம் மஞ்சள். எருமைக் கொழுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும். உண்ணிக் காய்ச்சல் உள்ளுக்குள் இருந்திருக்கிறது, உயிரோடு பார்த்தபோது டாக்டருக்கே தெரியவில்லை. இரண்டு விரலால் சவ்வை இழுத்துப் பார்த்துவிட்டு, "மூணும் கழிவு. ஓனரக் கூப்பிடு, கையெழுத்து வேணும்" என்றார்.

"நான் போடறேன் சார். அவருக்குப் பதிலா நான்தான் நின்னேன்."

"எடைக்கு நீ போடலாம். கழிவுக்கு முடியாது. உடையவர் நேர்ல பாத்து, என்னுதுதான்னு போடணும். அப்புறம்தான் ஃபினாயில் ஊத்திப் பொதைக்க முடியும்."

 கூட்டம் முடிந்து வந்திருந்த சுந்தரமூர்த்தி சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஆபீஸிலிருந்து போன் போய், திம்மராயப்பா பேரிகையிலிருந்து கிளம்பிவிட்டார்.

பணம் கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே மறித்து நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. டாக்டரின் ஆள் வந்து அவருக்கு ரப்பர் செருப்பு மாட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போனான். நானும் பின்னால் போனேன். மூன்றும் தனியாகத் தொங்கின. தலைகளைப் பக்கத்து மேஜையில் காதில் எண்ணோடு வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுழி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எதுக்குப் பாய் என்ன இங்க கூட்டியாந்தாங்க?"

நான் சொன்னேன். சிவப்புச் சீட்டு என்றேன், உங்களுக்கு நாலு காசு கூட வரட்டும் என்றுதான் செய்தேன் என்றேன், மன்னிச்சிடுங்கண்ணா என்றேன். அவர் எதையும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அப்போ அறுக்கறப்போ இது யாருது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன்னத்தான் கேக்கறன். யாருது?"

"உங்களுதுண்ணா."

"எட்டுமா?"

"எட்டும்."

"அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு அந்த ஈரத் தரையில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டி நனைந்தது. அவரைத் தூக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சுந்தரமூர்த்தி சார் அங்கேயே வந்தார். அத்தனை வருடங்களில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாத மனுஷர், கையில் வெள்ளைச் சீட்டுக் கட்டோடு வந்தார். "திம்மராயப்பா, தப்பு எங்களுது. இத அடிச்சிட்டு உருப்படி விலைக்கே எழுதிடறேன். எட்டுக்கும் முழு விலை. நீங்க கையெழுத்துப் போட வேணாம், ஆலையே போட்டுக்கும்" என்றார்.

திம்மராயப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பெரியவங்க சார். சீட்ட மாத்தலாம். காலைல அதுங்க கழுத்துல கத்தி போறப்போ என்னுதா இருந்துச்சே, அத எப்பிடி மாத்துவீங்க?" என்றார். எழுந்து, மேஜைக்குப் போய், கழிவுப் படிவத்தில் கட்டை விரலை அழுத்தி வைத்தார். வெள்ளைச் சுழி இருந்த தலையின் நெற்றியை ஒரு முறை தடவினார். ஐந்து உருப்படிக்கான பணத்தை வாங்காமலே போனார். அது பிறகு மணியார்டரில் போய்த் திரும்பி வந்தது.

என்னை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு சார் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபப்படும்படி எதையும் நானும் செய்யவில்லை. யாருக்கு எது நல்லது என்று அதற்கப்புறம் நான் யோசித்ததுகூட இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திம்மராயப்பா அந்த வாசலுக்கு மறுபடி வரவில்லை. கடா வளர்ப்பதையே விட்டுவிட்டார் என்று வேறு ஆட்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். அவர் எடுக்காவிட்டால் அந்தக் கன்றுகள் எங்கே போகும் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டி ஏரிக்கரை வழியாக வேலைக்குப் போகும்போது சில நாள் சாக்கு மூட்டைகள் கிடப்பதைப் பார்ப்பேன். அந்தப் பாதையை விட்டு நெடுஞ்சாலை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் அவரைப் பார்க்கப் போக எனக்கு ரொம்ப நாள் தைரியம் வரவில்லை. அந்தப் பெண் படிவத்தோடு வந்துபோன மறுநாள்தான் பேரிகை பஸ் ஏறினேன்.

கொட்டகையைத் தகரம் அடித்து ஆறு அறைகளாக்கி, கம்பெனிகளில் வேலை பார்க்கும் வடநாட்டு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாசலில் ஜீன்ஸ் பேன்ட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. திம்மராயப்பா பக்கத்துத் துண்டு நிலத்தில் தக்காளிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்துப்போயிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வா பாய்" என்று வரப்பில் உட்கார இடம் காட்டினார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அழுதும்விட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

"நீ கெட்டதுக்கா பண்ண? உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல பாய்" என்றார்.

"அப்பறம் ஏண்ணா விட்டுட்டீங்க? மறுபடி வளத்து, நீங்க விரும்பின மாதிரியே குடுத்திருக்கலாமே?"

"முன்னெல்லாம் ஒண்ணர வருசம் நல்லா வச்சிருந்தன், உசுரோட குடுத்தன்னு இருந்துச்சி. இப்போ ஒரு கன்னு மூஞ்சியப் பாத்தா அந்த மேசதான் தெரியுது. கஞ்சி ஊத்த கை வரமாட்டேங்குது."

  அப்போதுதான் மொபெட் சத்தம் கேட்டது. மஞ்சு. அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. முன்னால் சாக்கு, சாக்குக்கு வெளியே கரிய தலை. எஞ்சினை அணைக்காமலேயே குரல் கொடுத்தான். "அண்ணா, நல்ல கன்னுண்ணா. ரெண்டு நாளா ஒண்ணும் குடிக்கல. இது ஒண்ண மட்டும் எடுத்துக்கோண்ணா."

"எத்தன வாட்டி சொல்றது உனக்கு? போப்பா" என்றார் திம்மராயப்பா. குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு என்ன தோன்றியதோ, "பாய்கிட்ட வேணா கேட்டுப் பாரு" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்கச் சொன்னார்.

நான் எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் போனேன். எதற்கு என்று தெரியாமல் கையை நீட்டினேன். கன்று என் இரண்டு விரல்களைக் கவ்விக்கொண்டு சப்ப ஆரம்பித்தது. வாய்க்குள்ளே அவ்வளவு சூடு, அவ்வளவு பலம்.

"எடுத்துக்கிறியா பாய்?" என்றான் மஞ்சு.

"நான் இருக்கறது ரெண்டாவது மாடிப்பா. வாடக வீடு" என்றேன்.

அவன் தலையாட்டினான். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. கன்று விடுவதாக இல்லை. அவன் கிளம்ப வேண்டுமே என்று விரலை நான்தான் இழுத்துக்கொண்டேன்.